அவருக்கு நான் காட்டாத மணல்

கொரட்டூரில் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வேற்றுக்கிரகங்களுக்குப் போய்வருவேன். பிரிட்டனில் எப்போதோ எடுத்த பழைய அறிவியல் புனைவுத் தொடர்கள் அவை. பெரும்பாலும் பணமே இல்லாமல் எடுத்தவை. விண்கலத்தின் சுவரில் யாராவது சாய்ந்தால் சுவர் ஆடும். ஒரே நடைவழியில் மூன்று முறை ஓடிவிட்டு, மூன்று தளங்களைக் கடந்துவிட்டதாகச் சொல்வார்கள். பள்ளி நூலகராக இருந்த காலத்தில் இணையத்தில் எதையோ தேடப்போய் ஒன்றைப் பார்த்தேன். பிறகு விடமுடியவில்லை.

அதில் உனக்கு என்னதான் பிடித்திருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பதில் வரும்வரை காத்திருந்தவர்கள் குறைவு. ஒரு தொடரில், நிலவில் இருக்கும் ஒரு தளத்துக்கு நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி தலைவி. பச்சைச் சாயம் பூசிய ஸ்பாஞ்சு உருவம் ஒன்று அவள் எதிரில் வந்து நிற்கும். உள்ளே ஓர் ஆள் வியர்வையில் நனைந்துகொண்டிருப்பது பார்க்கிற நமக்கே தெரிகிறது. பக்கத்தில் நிற்கிற அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் சிரிப்பதில்லை. எங்களிடம் உனக்கு என்ன வேண்டும் என்று, நிஜமாகவே பதில் எதிர்பார்க்கிறவளாகக் கேட்பாள். அந்தச் சிரிக்காத முகத்துக்காகத்தான் நான் பார்த்தேன்.

என் கணவர் சிரிப்பார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். இருபத்தாறு வருட வேலை. தேறாத பீஸின்மேல் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். அதற்கு ரிஜெக்ட் அடிப்பது என்று பெயர். மயிரிழைப் பிசகைக்கூட வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் என்னிடமே வியந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணை வாயிலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது.

அடுத்த தெருவில் குடியிருக்கும் என் தம்பி ஞாயிறுதோறும் வருவான். அவனைக் கண்டதும் இவருக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

"மச்சான், ஓடியா! உங்க அக்கா ராக்கெட் கெளம்பிடுச்சு."

"இன்னைக்கு எந்த ஊருக்கு மாமா?"

"எந்த ஊரா இருந்தா இன்னா? எல்லாத்துக்கும் ஒரே வராண்டாதான். அதோ பாரு ரேடாரு. சோறு வடிக்கிற தட்டு."

"அந்தம்மா போட்டுகினு இருக்கற அங்கி?"

"பாத்ரூம் ஸ்கிரீன்டா. வளையம் மாட்டற ஓட்டை தெரியுது பாரு. ஏங்க லைப்ரேரியம்மா, நம்ம ஊட்டு ஸ்கிரீனையும் பார்சல் பண்ணுங்க. அடுத்த கதைக்கு ஆவும்."

தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். நான் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. எனக்குப் பொறுமை அதிகம் என்று இரண்டு குடும்பத்திலும் பெயர்.

ஒருமுறை மட்டும், தனியாக இருந்தபோது அவரிடம் ஒன்றைச் சொன்னேன். நிலவுத் தலைவி தன் தளத்தை விட்டுப் புறப்படும் காட்சியில் நான் அழுதிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. அடுத்த மாதம் தொழிற்சாலை நண்பர்கள் நால்வர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் அதே காட்சியைப் போட்டு, அவள் முகத்தில் நிறுத்தினார். "இதுக்குத்தான்பா எங்க ஊட்டுக்காரம்மா அழுதது," என்றார். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தேன். அவர்கள் முதலில் திரையையும் பிறகு என்னையும் பார்த்தார்கள். தட்டை வைத்துவிட்டு, சட்னி எடுத்துவரத் திரும்பினேன்.

பிறகு சர்க்கரை அவர் விழித்திரையில் இறங்கியது. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இடக்கண் முழுதும் போயிற்று. வலக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. பரிசோதகருக்குக் கண் போனபின் தொழிற்சாலையில் என்ன வேலை? சால்வை போர்த்தி அனுப்பினார்கள். சில மாதங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன், நகம் வெட்டிவிட்டேன், கைபிடித்து ஏரிக்கரைவரை நடத்திச் சென்றேன். இவற்றிலெல்லாம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உறங்கிவிட்டார் என்று நினைத்துத் தொடரைப் போட்டேன். அசைவு கேட்டதும் அணைக்கப் போனேன்.

"அணைக்காத. ஓடட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "என்ன வருது?" என்றார்.

செய்தியைப் படித்துக்காட்ட அலைபேசி இருந்தது. தட்டையும் கதவையும் என் முகத்தையும்கூட அவர் தடவி அறிந்துகொள்ள முடியும். ஆனால் எங்குமே இல்லாத ஒரு கிரகத்தின் விலங்கைத் தடவிப் பார்க்க முடியாது. அதைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி என் வாய்ச்சொல். அவர் கேட்ட விதத்திலேயே அது எனக்குப் புரிந்துவிட்டது.

"பச்சை ஸ்பாஞ்சு," என்றேன். "முதுகுல ஜிப் தெரியுது."

அவர் சிரித்தார். பழைய சிரிப்பு. மறுவாரம் அந்தச் சிரிப்பு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் வாரம் வந்தது தெர்மாகோல் விலங்கு என்றேன்; அவர் சிரிக்கவில்லை.

"சரி, தெர்மாகோல்தான். பார்க்க எப்படி இருக்கு?"

"தெர்மாகோல் மாதிரி இருக்கு."

"மூஞ்சின்னு ஒண்ணு இருக்குமில்ல?"

"பெயின்ட்ல ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்காங்க. ஒண்ணு கொஞ்சம் கோணல்."

என் குரலில் கோபம் இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அதே குரல்தான். வாரந்தோறும் ஒட்டுப்போட்ட இடங்களையும் தொங்கும் கம்பிகளையும் நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னேன். சொன்னவை அத்தனையும் உண்மை. அதனால் உறுத்தவில்லை.

பிறகு மணல் கதை வந்தது. பாலைவனக் கிரகமொன்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். விலங்கு எதையும் செய்யப் பணம் இருந்திருக்காது. வெறும் மணலைக் காட்டினார்கள். மூடிய கதவின் அடியில் கொஞ்சம் மணல். அடுத்த காட்சியில் அது அறையின் நடுவில் இருந்தது. அடுத்து, உறங்குகிறவனின் தலையணையில், யாரோ உள்ளங்கையை ஊன்றி எடுத்ததுபோன்ற ஒரு பள்ளத்தோடு. அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் என்னை அந்த அளவுக்கு அச்சுறுத்திய வேறொன்று இல்லை.

அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். "என்னடி அது? ஏதோ ஊர்ற மாதிரி கேக்குது."

"மணலு. பக்கெட்டுல கொண்டாந்து கொட்டறாங்க. கொட்டறவன் கை தெரியுது."

"கையா?"

"வாட்ச் கட்டின கை."

அவர் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார். அங்கே கை இல்லை, வாட்ச்சும் இல்லை. இரண்டையும் நான் சொல்லால் செய்தேன்.

ஆனால் அந்தச் சரசரப்பு அவரை விடவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தம்பி வந்திருந்தபோது, "அந்த மணல் கதையைப் போடு, மச்சானும் பார்க்கட்டும்," என்றார். மறுக்கக் காரணம் தோன்றவில்லை. போட்டுவிட்டு, தேநீர் வைக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"மாமா, யாருமே இல்ல மாமா. அதுவா வருது."

"நல்லா பாருடா. வாட்ச் கட்டின கை தெரியும்."

"எங்க? ஒரு கையும் காணோமே. இருங்க, பின்னாடி தள்ளிப் பாக்கறேன்... இல்ல மாமா. கதவு சாத்திதான் இருக்கு. ஐயோ, தலைகாணி மேல... அக்கா! இன்னாக்கா இது, உடம்பெல்லாம் சிலிர்க்குது!"

தேநீரோடு வந்தேன். அவர் தம்ளரை வாங்கிக்கொண்டார். தம்பி கிளம்பும்வரை தேர்தலைப் பற்றியும் மின்சார ரயில் நெரிசலைப் பற்றியும் பேசினார். கதவு சாத்தப்பட்ட பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நல்ல பீஸ் அது," என்றார்.

காலித் தம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தேன்.

"இருபத்தாறு வருஷத்துல, நல்ல பீஸுக்கு ஒரு நாளும் நான் பொட்டு வெச்சதில்ல."

நிலவுத் தலைவியின் முகத்தில் நீங்கள் வைத்தது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவருக்கு அது புரிந்திருக்காது. அவர் எதை ரிஜெக்ட் அடித்தாரோ, அது கெட்டது என்று நம்பித்தான் அடித்தார். நான் நல்லதென்று தெரிந்தே அடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் என்னைத் தயார்செய்துகொண்டேன். வரப்போகும் கதையை முன்கூட்டியே பார்த்து, சொற்களைத் தேர்ந்து வைத்திருந்தேன். செம்பு நிற வானம் என்று தொடங்கினேன். அதன் கீழே உயிரோடு மூச்சுவிடும் ஒரு மலை என்றேன். அவர் உள்ளங்கையை உயர்த்தினார்.

"வேணாம். சவுண்டு போதும்."

அன்றிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை. மதியம் மூன்று மணிக்கு அவராகவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் பக்கத்தில் இருக்கிறேன். போன வாரம், ஒரு காட்சியின் நடுவில் அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அச்சமும் அதைவிட ஒரு படி மேலான சந்தோஷமும் கலந்த அப்படியொரு முகத்தை, மணமான நாளிலிருந்து நான் அவரிடம் பார்த்ததில்லை.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே இரந்து கேட்பதுபோல் ஒலித்தது.

"உனக்குத்தான் கண்ணு இருக்கே," என்றார். "பாரு."

பார்த்தேன். விளக்கெரியும் வெறும் நடைவழி ஒன்றுதான் இருந்தது.