அது நான்தான், அண்ணி

அண்ணியை நினைக்கும்போது முதலில் ஞாபகத்துக்கு வருவது சுவரில் வழிந்த குழம்புதான். நீலக் கரை போட்ட மங்குத் தட்டில் சோறு போட்டு, முருங்கைக்காய்க் குழம்பு ஊற்றி, என் முன்னால் வைத்துவிட்டு அவர் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தேன். அடுத்த கணம் தட்டு பலகைச் சுவரில் மோதி, சிமெண்டுத் தரையில் விழுந்து சுழன்றது. அது சுழன்று நிற்பதற்கு வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. குழம்பில் உப்பில்லை, அதுதான் காரணம். உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்னவர் டாக்டர். அதை வீட்டில் வந்து அண்ணியிடம் சொன்னதே நான்தான். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயமும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போன்ற ஒரு பார்வை. "பசி தாங்கலையா தங்கச்சி? இரு, வேற போட்டுத் தாரேன்" என்றார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துவிட, அண்ணனும் நானும் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அண்ணன் லோரி ஓட்டினார். சரக்கேற்றிக்கொண்டு கமுந்திங், பாரிட் புந்தார் என்று போனால் திரும்ப இரண்டு நாளாகும். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். அண்ணி கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதின்மூன்று வயதிலிருந்து பால்மரம் சீவியவர். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். எங்கள் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அலுவலகத்தில் உட்கார்ந்து பேர் எழுதியவரின் மகள் என்ற நினைப்பு எனக்குள் எங்கேயோ இருந்தது. அண்ணி வந்த புதிதில் நான் அவரிடம் அதிகம் பேசியதில்லை.

முதலில் கால் வீங்கியது. பிறகு காலையில் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தேன். சிறுநீரகத்தில் கோளாறு, உடனே போகாது, பல வருடம் மருந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். என்னைப் பார்த்த டாக்டரம்மா யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்மணி. வீட்டுக்கு அனுப்பும் நாளில் சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரைகளைக் காட்டி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்றார். "முகம் உருண்டு போகும், நல்லாப் பசிக்கும், மனம் கொஞ்சம் ஏறி இறங்கும். அது மருந்தின்ர வேலை, பயப்பட வேண்டாம். ஆனா ஒருநாளும் உங்கட பாட்டுக்கு நிப்பாட்டக் கூடாது. விளங்குதோ?" விளங்குகிறது என்று தலையாட்டினேன். கொஞ்சம் ஏறி இறங்கும் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

ஏறும் நாட்களில் வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்தேன். நின்று பேச நேரமில்லாதவள்போல் ஓடினேன். மாலைக்குள் அந்த வேகம் இறங்கி, வாசலில் யாரோ சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். கண்ணாடியில் என் முகமே இல்லை. கன்னங்கள் உருண்டு, கழுத்து மறைந்து, யாரோ ஒரு தடித்த அந்நியப் பெண் அங்கே நின்றாள். கோபம் வருவதற்குச் சற்று முன்னால் அது வருவது எனக்குத் தெரியும். என் வாய் பேசுவதை நானே உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நிறுத்து என்று சொல்லவும் வாய் வேண்டும், அந்த வாயோ அடுத்தவரைத் திட்டிக்கொண்டிருக்கும். அதைவிட்டு வெளியே வர எந்த வழியும் தெரியவில்லை. மாத்திரையை விழுங்கினால் நான் நானாக இல்லை. விழுங்காவிட்டால் உயிர் இல்லை. தினமும் காலையில் பசியாறிய பிறகு அண்ணி பன்னிரண்டு மாத்திரையையும் ஒரு தேநீர்த் தட்டில் எண்ணி வைப்பார். அந்தத் தட்டைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு முட்டும்.

எதிர்வீட்டு அக்கா, "இது சாக்கிட் இல்லலா, சீக்கே இல்ல, ஏதோ பிடிச்சிருக்கு. சாமி பார்த்து மந்திரிச்சா சரியாயிடும்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணனும் அரை மனதாகத் தயாரானார். அண்ணிதான் குறுக்கே நின்றார். "வாளியில இருக்கிற பாலுல ஆசிட்டு ஊத்துனா அது கட்டிப்போகுது. பால் மேல குத்தமா? டாக்டரம்மாதான் சொன்னாங்கல்ல, மருந்துதான்னு. எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம்" என்றார். அன்றைக்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் அதுவே விளக்கமாகிவிட்டது. நான் சத்தம் போட்டால், "மாத்திரை பேசுது, விடு" என்பார் அண்ணன். முதலில் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. போகப் போக அதுவே இன்னொரு கதவாக அடைத்துக்கொண்டது. நான் எது சொன்னாலும் அதைச் சொன்னது நானில்லை என்று ஆகிவிட்டது.

அது முழுதாகப் புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இனி என்னால் வேலைக்கு வர முடியாதென்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்ததாக அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் விடுப்பு கொடுத்து என் மேசையை எனக்காக வைத்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்று கத்தினேன்.  அண்ணன் தலை நிமிராமல், "மாத்திரை பேசுது" என்றார்.  அதற்கு மேல் கத்தினால் அவர் சொன்னது உண்மையாகும். கத்தாவிட்டால் என் வேலை போய்விடும்.

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கு மட்டும் சொல்லு. இது நீயா, மாத்திரையா?"

"நான்தான் அண்ணி."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "என்னாங்க, அவதான் கேக்குறா. பதில் சொல்லுங்க."

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் காலை லோரி எடுப்பதற்கு முன் அலுவலகத்துக்குப் போய், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அண்ணி அந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டார். நான் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொல்வேன். மாத்திரை என்றால், "சரி, போய்க் கொஞ்சம் படு" என்பார். நான்தான் என்றால் உட்கார்ந்து சண்டை போடுவார். என் சொல்லை நம்பிய ஒரே ஆள் அவர். அந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

மாத்திரை பன்னிரண்டிலிருந்து ஆறாகி, மூன்றாகக் குறைந்திருந்த சமயம். என் மனம் பெரும்பாலும் என் கைக்கு வந்துவிட்டது. அந்த வருடம் அண்ணிக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. ஒரு வாரம்தான் படுத்திருந்தார். பிறகு எழுந்து வந்து பழையபடி என் மாத்திரையை எண்ணி வைத்தார். அதற்குச் சில வாரங்கள் கழித்து என்னோடு வேலை பார்த்தவளின் கல்யாணம் தைப்பிங்கில் நடந்தது. அண்ணி போக வேண்டாம் என்றார். கூட்டத்தில் போனால் ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது உண்மைதான். ஆனால் எனக்கு ஒன்றரை வருடமாக வீடு, ஆஸ்பத்திரி, அலுவலகம் தவிர வேறு எதுவும் இல்லை. கட்டிக்கொள்ள எடுத்து வைத்த சேலையை மறுபடி மடித்தேன். மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "உங்களுக்குன்னு ஒண்ணு தங்கியிருந்தா என்னை இப்படிக் கட்டிப்போட மாட்டீங்க. தங்காம போனது அதுக்கு நல்லதுதான்."

அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது. திரும்பிப் பார்த்துக் கேட்டார். "தங்கச்சி, இது நீயா, மாத்திரையா?"

"மாத்திரை அண்ணி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் துருவத் தொடங்கினார்.

அது மாத்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். மாத்திரை பேசும்போது நெஞ்சு படபடக்கும், காது அடைக்கும். அன்று எதுவும் இல்லை. எந்த இடத்தில் வலிக்கும் என்று நிதானமாகப் பார்த்துத்தான் சொன்னேன். மறுநாள் காலை அதே கைகள் மூன்று மாத்திரையை எண்ணி வைத்தபோது என்னால் எடுக்க முடியவில்லை. விழுங்குவதுபோல் பாவனை செய்து, பின்பக்கம் போய்ச் சாக்கடையில் போட்டேன். மாத்திரையே இல்லாவிட்டால் இனி அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது என்று என்னவோ ஒரு கணக்கு. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே செய்தேன். நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் குளியலறையில் குனிந்தவள் நிமிரவில்லை. அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி என்னை முதுகில் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி, காய்கறி ஏற்றி வந்த ஒரு சீனரின் வேனை மறித்தாராம். தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி சுமந்த உடம்பு அது.

கண் விழித்தபோது கையில் ஊசி ஏறியிருந்தது. டாக்டரம்மா, "செத்துப்போயிருப்பீங்கள். விளங்குதோ?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சேலை முழுக்க என் வாந்தி.

"ஏன் நிறுத்துனே?"

"அன்னிக்கு நான் சொன்னது மாத்திரை இல்ல அண்ணி. அது நான்தான்."

அவர் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் வரவில்லை. அண்ணன்தான் சாப்பாடு கொண்டுவந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அண்ணி கஞ்சியோடு வந்தார். கண் வீங்கியிருந்தது. கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மாத்திரைன்னு நீ சொன்னதிலேர்ந்து நான் யாருகிட்ட கோவிச்சுக்கிறதுன்னே தெரியாம கெடந்தேன். உள்ளயே வச்சிருந்தேன். இப்ப ஆள் கிடைச்சிருச்சு. உன்கிட்டதான் கோவிச்சுக்கப் போறேன். எவ்வளவு நாளுன்னு தெரியாது."

சொன்னபடியே செய்தார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. உப்பில்லாமல் சமைத்தார், மாத்திரையை எண்ணி வைத்தார், நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நின்று பார்த்தார். ஒரு சொல் கிடையாது. அந்தச் சின்ன வீட்டில் அந்த மௌனம் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் நோய் வந்த நாளிலிருந்து என்மேல் ஒருவர் முழுதாகக் கோபப்பட்டது அப்போதுதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மழைக்காலை நான் வேலைக்குக் கிளம்பியபோது அவரே, "பஸ்ஸு வந்திரும், சீக்கிரம் போ" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எண்பதுகளின் நடுவில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். நான்தான் முதலில் தூக்க வேண்டும் என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

இப்போது தினம் ஒரு மாத்திரை. அது என்னை விடவில்லை, விடாது என்றும் ஆகிவிட்டது. எலும்பெல்லாம் பொத்தலாகிவிட்டதாக டாக்டர் சொல்கிறார். எழுபதைத் தாண்டிய அண்ணி மகனோடு கமுந்திங்கில் இருக்கிறார். போன மாதம் நான் தனியாகப் பாசாருக்கு மீன் வாங்கப் போய் வழுக்கி விழுந்தது இப்போதுதான் தெரிந்து போன் செய்து திட்டினார். நானும் விடவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்க என்னால் முடியாது என்று பதிலுக்குக் கத்தினேன். அவர் பாதியில் போனை வைத்துவிட்டார். மூன்று நாளாயிற்று, கூப்பிடவில்லை. நாளைக் காலை பஸ் ஏறி நானே போய் அவர் முன்னால் உட்கார வேண்டும். மீதிச் சண்டையை அங்கே போட்டுக்கொள்ளலாம்.