மைத்துனனுக்கு ஒரு தனி ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதம், அதற்குள் நிகழ்ச்சியின் பெயர். காதுகுத்து, கோமுகி அணை, வெள்ளிமலைப் பயணம் என்று எதைக் கேட்டாலும் தேடாமல் எடுத்துத் தருவேன். சென்ற மாதம் அதைக் கணினியில் செருகியபோது உள்ளே பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஃபோல்டர் திறக்க வெகுநேரம் பிடித்தது. உடனே எல்லாவற்றையும் கணினிக்குள் இறக்கிவிட்டு, வேறு வாங்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"தம்பி போட்டோ அதுலதான இருக்குது? போயிடுச்சா?"

அவள் தம்பி கச்சிராயபாளையத்தில் இருந்தவன். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டான். அவன் போனில் இருந்தவற்றையும் நான்தான் இந்த டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தேன். வேறு பிரதி கிடையாது.

"போவல. எறக்கிட்டேன்."

"அப்போ ரெண்டா வாங்குங்க. அவன் போட்டோ தனியா இருக்கட்டும். வளைகாப்பு போட்டோவோட ஒண்ணா வெக்காதீங்க."

எங்கள் மகளுக்கு வளைகாப்பு முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. இறந்தவர் படத்தையும் உயிரோடிருப்பவர் படத்தையும் எங்கள் பக்கத்தில் சேர்த்து மாட்டமாட்டார்கள். கூடத்திலும் மைத்துனன் படம் மாலையோடு தனிச் சுவரில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் படங்களுக்கும் அந்த விதி உண்டா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளைப்பேறு நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பயப்படுகிறவளிடம் வாதாடி ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்கு இருவருமாகப் போனோம். கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல உள்ள தட்டு சுத்தும் சார். எடம் ஜாஸ்தி. கீழ போட்டீங்கன்னா அவ்ளோதான். இது எஸ்எஸ்டி. சுத்தறது கித்தறது ஒண்ணும் கெடையாது, சும்மா பறக்கும். எடம் கம்மி, வெல ஜாஸ்தி."

"ரெண்டு மூணு வருஷம் பீரோவுல சும்மா கெடந்தா எது தாங்கும்?" என்று கேட்டேன்.

"சும்மா கெடக்கறதுக்குத் தட்டு வெச்சதே எடுத்துக்கோங்க. எஸ்எஸ்டிக்கு அப்பப்ப கரண்ட் காட்டணும். எதுவா இருந்தாலும் வருஷத்துக்கு ஒருக்கா மாட்டிப் பாருங்க."

நானும் அப்படித்தான் படித்திருந்தேன். கீழே போடுகிற ஆள் எங்கள் வீட்டில் இல்லை.

"ரெண்டு குடு தம்பி. ஒண்ணு என் தம்பிக்கி," என்றாள் மனைவி.

"அவரு எத்தன ஜிபி வெச்சிருக்காரும்மா? கம்மின்னா சின்னதே போதும்."

அவள் என்னைப் பார்த்தாள். அவர் இறந்துவிட்டார், அவர் படங்களுக்காக என்று நான் சொன்னேன். கடைக்காரர், "ஒரே அளவுல ரெண்டு எடுத்துக்கோங்க சார்," என்று மட்டும் சொல்லி இரண்டு பெட்டிகளை நகர்த்தி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை படங்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். திரையில் இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நாங்கள். முதல் ஃபோல்டரிலேயே நின்றுவிட்டேன். மகளுக்கு மொட்டை போட்டது அவன் மடியில். காது குத்தியதும் அவன் மடியில்தான். குழந்தையைவிட அவன் முகம்தான் அதிகம் சுளித்திருந்தது. மஞ்சள் நீராட்டில் சீர்த்தட்டு தூக்கி வருகிறவன் அவன். மகள் கல்யாணத்தில் வேட்டி அவிழ, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவன் அவன்.

"நட்டநடுவுல நெல்லுக் குதிராட்டம் இருக்கான். எங்க வெட்டறது இவன?" என்றாள் மனைவி. சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவள் குரல்.

மலையில் எடுத்த ஒரு படம் வந்தது. புல்மேட்டில் நாங்கள் மூவர் மட்டும் நிற்கிறோம். இதாவது எங்கள் பக்கம் என்று நகர்த்தப் போனேன்.

"இருங்க. யாரு எடுத்தது இத?"

படத்தின் கீழோரத்தில், இரண்டு கைகளையும் முகத்துக்குத் தூக்கிய ஒரு நிழல் எங்கள் காலடி வரை நீண்டிருந்தது. அவனுடையதுதான். அவன் இல்லாத படங்கள் பெரும்பாலும் அவன் எடுத்தவை என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. இடப்பக்கம் நிரம்பிக்கொண்டே போயிற்று. வலப்பக்கத்தில் என் அலுவலக விழாக்கள் மட்டும் மிஞ்சின.

மனைவி மவுஸிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள்.

"தாய்மாமன் இல்லாம நம்ம பொண்ணுக்கு இன்னா நல்லது நடந்துச்சு? வுடுங்க. ரெண்டுலயும் எல்லாத்தையும் போடுங்க. ஒண்ணு கச்சிராயபாளையம் போவட்டும். அவன் பொண்டாட்டி பார்த்துக்கினு இருக்கட்டும்."

"வளைகாப்பு?"

அவள் தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது மட்டும் இருக்கட்டுங்க. கொழந்த பொறக்கட்டும். கண்ணால பார்த்துட்டு நானே குடுக்கறேன்."

ஒரு படம் ஒரே இடத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்று பிறருக்குச் சொல்லித் திரிகிறவன் நான். வளைகாப்புப் படங்கள் அவள் போனில் மட்டுமே இருக்கின்றன. அவள் குளிக்கப் போகும்போது போன் கட்டிலில்தான் கிடக்கிறது. அதன் பூட்டு எண்ணும் எனக்குத் தெரியும். எடுத்து நகல் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் போதும். நான் எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்தால் மட்டும் தலையணைப் பக்கம் தள்ளி வைக்கிறேன்.