அறுக்கக் கூடாத நூல்

என் மனைவிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அவள் அலுவலகத்தில் சொல்வார்கள். பொய். கோபம் எனக்குத்தான். அவளுக்கு இருப்பது பிடிவாதம். கோபக்காரனோடு காலம் தள்ளலாம். பிடிவாதக்காரியோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் சட்டத்துறையில் எழுத்தர். மூன்றாவது மாடி, இரண்டு ஜன்னல், அதில் ஒன்று திறக்காது. நம் நாட்டில் தப்பு செய்துவிட்டு ஓடிப்போனவன் வேறொரு நாட்டில் மாட்டினால், அந்த நாட்டு நீதிமன்றம் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாது. "இவன் என்ன செய்தான், ஆதாரம் எங்கே?" என்று கேட்கும். அந்த ஆதாரத்தையெல்லாம் மொழிபெயர்த்து, அடுக்கி, ஒரே கட்டாகத் தைத்து அனுப்புவதுதான் அவள் வேலை. மேலே உள்ளவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், கைகுலுக்குவார்கள், பத்திரிகையில் படம் வரும். கோணி ஊசியால் விரலில் குத்து வாங்குவது இவள்.

ஊசி என் கடையுடையது. நூலும்தான். நான் வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறவன்.

அந்தக் கும்பலுக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் அவர்களுக்குத்தான் பெருமை. கொடி, கொள்கை என்று வாய் கிழியப் பேசுவார்கள். நடந்ததெல்லாம் கள்ள டீசலும் கடைத்தெரு வசூலும். அந்த வசூலை வைத்துத்தான் வெடிமருந்து வாங்கினார்கள். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவன் ஒருத்தன். கடைத்தெருவில் அவனை வசூல்காரன் என்றுதான் சொல்வோம். என் கடைக்கும் ஆள் அனுப்பினான். சின்னக் கடை என்று விட்டுவிட்டான். அந்த மரியாதைக் குறைவுக்காக அவனுக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் வசூல்காரன் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் பிடிபட்டான். அப்போது என் மனைவி அந்தப் பிரிவுக்குப் புதுசு. கட்டைத் தைத்தாள், முடிச்சுப் போட்டாள், முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் ஒரு பக்கம் தலைகீழாக இருந்தது. நம் அலுவலகங்களில் கோப்பைக் கட்டுகிற கயிறு என்றால் ஒரு நாளைக்குப் பத்து தடவை அவிழ்ப்பதும் கட்டுவதும்தானே வழக்கம்? இவளும் அப்படியே அரக்கைப் பெயர்த்து, நூலை வெட்டி, பக்கத்தைத் திருப்பி வைத்து, மறுபடி தைத்து அனுப்பிவிட்டாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

அந்த ஊரில் கதையே வேறு. அங்கே நூல் என்றால் சத்தியம் செய்த மாதிரி. ஒரு தடவை பிரித்த கட்டு குப்பைக்குத்தான் போகும். அரக்கு இரண்டு படலமாக இருப்பதை வசூல்காரனுடைய வக்கீல் காட்டினார். நாற்பதாவது நாள் வசூல்காரன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். இங்கே ஒரு பத்திக் கடிதம் வந்தது. அனுப்பியது அந்த நாட்டு அலுவலகத்தில் இவளைப் போலவே ஒரு எழுத்தர் அம்மாள்.

இவள் நேராகத் தொலைபேசியை எடுத்து, என்ன தப்பு என்று அந்த அம்மாளிடமே கேட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். எப்படியோ பேசினார்கள். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், ஏழு வருடமாக விட்டுப்போகவில்லை. அந்த அம்மாளுக்கு முட்டி வலி, அவருக்கு ஒரு பேத்தி, அந்தப் பேத்திக்குக் கணக்கு வராது என்பதெல்லாம் எனக்கே தெரியும். இரு நாட்டு ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்று செய்தியில் சொல்கிறார்களே, அது பாதி இவர்கள் இரண்டு பேருடைய முட்டி வலிப் பேச்சுதான்.

வசூல்காரன் வெளியே போன பதினோராவது மாதம் சந்தையில் குண்டு வெடித்தது. எங்கள் தெருவில் டயர் கடை வைத்திருப்பவரின் மகள் அன்றைக்குப் புதுக் கண்ணாடி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். பத்தொன்பது வயது. என்னைப் பார்த்தால் "மாமா, கடையில ரேடியோ சத்தத்தைக் குறைங்க, காது போயிடும்" என்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் போனது எங்களுக்கும் வயிற்றில் அடித்த மாதிரிதான்.

அன்று முழுக்க என் மனைவி சாப்பிடவில்லை. "நான்தாங்க அவனை வெளிய விட்டேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? ஒரு பக்கத்தைத் திருப்பி வச்சா குண்டு வெடிக்குமா?" என்று கத்தினேன். இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்து, "பிரிச்சா பிரிச்ச இடம் தெரியணும். அப்படி ஒரு நூல் குடுங்க" என்று கேட்டாள். சீட்டு தைக்கிற மெழுகு நூலைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் தைக்கும் கட்டெல்லாம் அந்த நூலில்தான்.

போன வருடம் வசூல்காரன் மறுபடி சிக்கினான், அதே நாட்டில். ஒரு நாடு அவனுடைய வங்கிக் கணக்குகளைத் தந்தது. இன்னொரு நாடு அவன் பேசிய தொலைபேசிப் பதிவுகளைத் தந்தது. ஆனால் இங்கே அவனிடம் பணம் கொடுத்த ஒரு ஆள் வாய் திறந்தால்தான் எல்லாம் ஒட்டும். கடைத்தெருவில் எல்லோருக்கும் வாயில் கொழுக்கட்டை. டயர் கடைக்காரர் மட்டும் போய், "என் பேரை முதல்ல எழுதுங்க" என்றார். மறுவாரம் அவர் கடை ஷட்டரில் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார்கள். அவர் அதை அழிக்கவே இல்லை. "இருக்கட்டும், கடைக்கு அடையாளம்" என்றார்.

நீதிபதி முன்னால் அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட, என் மனைவி தைத்து, அரக்கு வைத்து முடித்தாள். பிடித்த நாற்பது நாளுக்குள் கட்டு போய்ச் சேராவிட்டால் அங்கே அவனை விட்டுவிடுவார்கள். அந்தக் கெடுவில் இன்னும் ஏழு நாள் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இவள் பிரிவின் உறுதிமொழி: இந்தக் கட்டு தைத்த பிறகு பிரிக்கப்படவில்லை.

முகப்புக் கடிதத்தில் கையெழுத்துக்காகக் கட்டு மேலதிகாரியின் அறைக்குப் போனது. புதிதாக வந்தவர். எதைக் கண்டாலும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்வார். அலுவலகத்தில் இவர்களுக்குள் அவர் பெயர் ஸ்கேன் சார். மாலையில் கட்டு திரும்பி வந்தது. என் மனைவி கையில் எடுத்தவுடன் முகம் மாறிவிட்டதாம். அவள் இடக்கைக்காரி. அவள் போடும் முடிச்சின் நுனி எப்போதும் இடப்பக்கம் நீளும். இது வலப்பக்கம் நீண்டிருந்தது.

நேராக உள்ளே போனாள். "சார், கட்டைப் பிரிச்சீங்களா?"

"ஸ்கேன் எடுக்க வேண்டாமா? சூடு காட்டி, அரக்கைச் சேதமில்லாம எடுத்து, அதே மாதிரி வச்சாச்சு. பார்த்தா தெரியுதா?"

"எனக்குத் தெரியுதே சார்."

"உனக்குத் தெரியும். அங்க இருக்கிறவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுன்னே வச்சுக்கங்க. பிரிக்கலைன்னு கடைசிப் பக்கத்துல சத்தியம் பண்ணியிருக்கோமே?"

"அதெல்லாம் ஒரு சம்பிரதாயம்."

என் மனைவி வெளியே வந்தாள். ஒரு தாளில், இன்ன நாள் இன்ன நேரத்தில் இன்னாருடைய உத்தரவின் பேரில் கட்டு பிரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்டது என்று எழுதினாள். திரும்பப் போய் மேசையில் வைத்தாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். இப்பவே அனுப்பிடறேன்."

சார் பேனாவைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில், "புதுசா தைக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். அப்படி வழிக்கு வந்தார் மகாராசன்!

அன்றே அந்த அம்மாளுக்கு அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் சொன்ன பதிலை வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினாள்: "நல்ல வேளை சொன்ன. இந்தத் தடவை அவன் வக்கீல் பூதக்கண்ணாடி வாங்கியிருக்கார். நீ தைச்சு அனுப்பு. வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் கெடு. கட்டு வர்ற வரைக்கும் நான் என் மேசையை விட்டு நகர மாட்டேன்."

புதுக் கட்டு என்றால் சாட்சி மறுபடி வந்து பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். ஷட்டரில் சிவப்புக் கோடு போட்டவர்கள் இன்னும் ஊருக்குள்தான் திரிந்தார்கள். டயர் கடைக்காரரைக் கூப்பிட எனக்கே வாய் வரவில்லை. என் மனைவிதான் போய்க் கேட்டாள்.

"எத்தனை மணிக்கும்மா வரணும்?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நீதிபதியின் அறையிலேயே, நீதிபதி பார்த்துக்கொண்டிருக்க, என் கோணி ஊசியால் தைத்தாள். அரக்கு ஆறும் வரை யாரையும் தொட விடவில்லை. ஸ்கேன் சாரைக் கதவுப் பக்கமே அண்டவிடவில்லை. ஒரு காவல் அதிகாரி கட்டை மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் போனார். புதன்கிழமை மாலை அது அந்த அம்மாளின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை எனக்கு ஒரு சீட்டும் நேராகத் தைக்க வரவில்லை. மதியத்துக்கு மேல் அவள் அழைத்தாள். அவள் குரலை வைத்தே தெரிந்துவிட்டது.

அங்கே வக்கீல் அரை மணி நேரம் முடிச்சையே ஆராய்ந்திருக்கிறார். பிறகு, "சாதாரணமாக வலப்பக்கம்தான் முடிச்சு விழும். இது ஏன் இடப்பக்கம்? யாரோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்" என்று பிடித்துக்கொண்டார். அப்போது நம் அம்மாள், வலிக்கிற முட்டியோடு எழுந்து நின்றாராம். "அதைத் தைக்கிறவள் இடக்கைக்காரி. ஏழு வருடமாக அவள் கட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பழைய கட்டுகள் வந்தன. எல்லா முடிச்சும் இடப்பக்கம். நீதிபதி கட்டை ஏற்றுக்கொண்டார். இரண்டு மாதத்தில் வசூல்காரனைக் கைவிலங்கோடு இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்.

வழக்கு தொடங்குவதற்கு முதல்நாள் டயர் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீ மட்டும் இல்லேன்னா அவன் மறுபடி போயிருப்பாம்மா" என்றார்.

என் மனைவி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "அண்ணே, முதல் தடவை அவன் போனதே என்னாலதான். கட்டைப் பிரிச்சது நான்." ஏழு வருடம் இந்தத் தெருவில் என்னைத் தவிர யாரிடமும் சொல்லாததை, சொல்லக் கூடாத ஒரே மனிதரிடம் சொல்கிறாளே! ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள்.

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். டயர் கரி படிந்த கைகள்.

"நீ ஒரு பக்கத்தைத் திருப்பி வச்சேம்மா" என்றார். "நான் மாசாமாசம் ஒண்ணாந்தேதி கவர்ல போட்டு ஒட்டி, என் கையாலயே அவனுக்குப் பணம் கொடுத்தேன். கடையைக் கொளுத்திடுவான்னு பயம். அந்தக் குண்டுல என் காசும் இருந்துச்சு."

என் மனைவி அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

"நாளைக்கு அதைக் கோர்ட்டுல சொல்லணும்" என்றார் அவர். "அவனைப் பார்த்துக்கிட்டே சொல்லணும். என் கண்ணுக்குப் படற இடத்துல வந்து உக்காருவியா?"

"முதல் வரிசையில உக்காருறேன் அண்ணே."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் கடை வாசலில் போய் நின்றோம். அவர் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. மூன்று பேரும் நடந்தே போனோம்.