என் மகனின் ஜேர்மன் பெயர்

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அது நடந்தது. ஒஸ்லோவில் முதல் பனி கொட்டி, உருகி, மறுபடியும் உறைந்துபோய், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தாரா நடை நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. நாங்கள் அப்போது எல்லிங்ஸ்ருட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு வடகடலில் எண்ணெய்த் தளம் ஒன்றில் வேலை. இரண்டு கிழமை கடலில் இருப்பார், பிறகு வீட்டுக்கு வருவார். அந்தச் சனிக்கிழமை அவர் கடலில்.

நடந்ததைச் சொல்ல முதல் எங்கள் குடும்பப் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரி. நோர்வே முழுக்க அந்தப் பெயரோடு இருப்பது என் கணவர், அவருடைய அம்மா, நான், எங்கள் மகன், அவ்வளவு பேர்தான்.

நான் மன்னாரில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்தவள். என் கணவரின் அப்பா ஜேர்மனியிலிருந்து ஐம்பதுகளில் கப்பல் பட்டறை வேலைக்கு வந்து, இங்கேயே ஒரு நோர்வேப் பெண்ணைக் கட்டியவர். போர் முடிந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. ஜேர்மன்காரர் என்றால் கடையில்கூடச் சிலர் முகம் கொடுக்கமாட்டார்களாம். அதனால் அவர் தன் ஊரைப் பற்றியோ உறவுகளைப் பற்றியோ வாயே திறந்ததில்லை. என் கணவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது கடலில் விழுந்து இறந்துபோனார். என் கணவருக்கு மிஞ்சியது பெயர் ஒன்றுதான். மூன்று மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற, யாரும் முதல் தடவையில் சரியாகச் சொல்லாத பெயர்.

எங்கள் கலியாணப் பேச்சு எழுந்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, “பெடியன்ரை ஆக்கள் எந்த ஊர்?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “அப்பா, இஞ்சை வந்தும் ஆக்கள் பாக்கிறியளோ?”

“நான் சாதி கேக்கேல்லைப் பிள்ளை. ஊரைத்தான் கேக்கிறன். கலியாணத்துக்கு அந்தப் பக்கத்திலை ஆருக்குச் சொல்லுறது?”

அவரையே கேளுங்கோ என்றேன். அப்பா கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு, தனக்கும் தெரியாது என்றார். ஒரு மனிதனுக்குத் தன் தகப்பனின் ஊர் தெரியாது என்பதை அப்பாவால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போதெல்லாம், “என்ன, ஊர் பிடிபட்டுதோ?” என்று கேட்பார். அந்தக் கரைச்சல் தாங்காமல்தான் ஒரு நாள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு இணையப் பக்கம் இருந்தது. ஒரு குடும்பப் பெயரை எழுதினால், ஜேர்மனியின் தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயர்க்காரர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டும். எனக்குத் தெரிந்த சாதாரண ஜேர்மன் பெயர்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். நாடு முழுக்கச் சிவந்தது. பிறகு எங்கள் பெயரை எழுதினேன். வரைபடம் வெள்ளையாகவே இருந்தது. எழுத்துப் பிழை என்று நினைத்து மூடப்போனபோதுதான் கவனித்தேன். நடுவில், மலைக்காட்டுப் பக்கம், நுளம்பு கடித்த தடம் மாதிரி ஒரே ஒரு புள்ளி.

அந்த ஊரில் நான்கைந்து எண்கள் இருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்தவள். துணிந்து முதல் எண்ணுக்கு எடுத்தேன். ஒரு பெண் பேசினார். குரலில் அறுபது வயது இருக்கும். ஊரில் பாண் சுட்டு விற்கிற வெதுப்பகம் நடத்துவதாகச் சொன்னார். நோர்வேயில் உங்கள் பெயரோடு ஒருவர் இருக்கிறார், உங்களுக்குச் சொந்தமாக இருக்குமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“இந்தப் பெயரோடு யார் இருந்தாலும் சொந்தம்தான்” என்றார். “எல்லாரும் ஒரே வீட்டில் இருந்து வந்தவர்கள்.”

அந்தக் காட்டில் முன்னொரு காலத்தில் மரத்தை மண்ணால் மூடி, கரி சுட்டுப் பிழைத்திருக்கிறார்கள். நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான் மிஞ்சும். அதனால் பக்கத்திலேயே குடிசை போட்டு, புகையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். புகை பார்க்கிறவர் என்று அந்தப் பக்கத்துப் பேச்சில் சொல்கிற சொல்தான் எங்கள் பெயர். கோவிலில் பெயரைப் பதிந்த பாதிரியார் ஒரு எழுத்தைக் கூட்டி எழுதிவிட்டாராம். அதனாலேயே அந்தப் பெயர் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. ஆண்கள் பலர் இரண்டு போர்களுக்கும் போய்த் திரும்பவில்லை. பெண்கள் கலியாணம் கட்டிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மிச்சப்பேர் தொழிற்சாலை வேலைக்கென்று மேற்கே போய், சொல்லச் சுலபமான பெயராக மாற்றிக்கொண்டார்கள். கடலுக்கு அப்பால் போய்க் கடிதமே போடாத ஒருவரும் இருந்தாராம். அவர்தான் என் மாமனார்.

அந்த அம்மா நன்றாகச் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். போனை வைக்கப்போகும் நேரத்தில் குரல் மாறியது.

“உங்களில் யாராவது சத்திரசிகிச்சை செய்துகொண்டிருக்கிறீர்களா?”

இல்லை என்றேன்.

“செய்ய நேர்ந்தால் மயக்கக் காஸ் கொடுக்க விடாதீர்கள். என் அண்ணனுக்குத் தொண்டையில் சின்ன ஒரு சத்திரசிகிச்சை. ஏழு வயது. அவன் எழும்பவே இல்லை. சித்தப்பாவும் கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் அப்படியேதான். எங்கள் இரத்தத்தில் ஒன்று இருக்கிறது என்று பிறகுதான் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாருக்கும் இருக்காது. யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது.”

கணவரிடம் சொன்னேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுவோம் என்றார். அப்பாவிடம் ஊரின் பெயரை மட்டும் சொன்னேன். அவருக்குப் பெரிய நிம்மதி. கலியாணம் நடந்தது, மகன் பிறந்தான், வருடங்கள் ஓடின. சத்திரசிகிச்சை செய்கிற தேவை எங்கள் மூன்று பேரில் யாருக்கும் வரவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மகனுக்கு ஆறு வயது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. என் அப்பாவும் கூட வருவார். அன்று வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆசிரியை வெளியே வந்து, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான் என்றார். முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை. சொல்வதெழுதுதல் உள்ள நாட்களில் அவனுக்கு வயிற்றுவலி வருவது வழக்கம். ஆனால் தூக்கினபோது உடம்பு கொதித்தது. காலை நீட்ட விடாமல் கத்தினான். அப்பா தன் மேற்சட்டையைக் கழற்றி அவனைச் சுற்றினார். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அப்பெண்டிக்ஸ் என்றார்கள். வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே எடுக்கவேண்டும் என்றார்கள். என் கணவரின் தளத்துக்கு எடுத்தேன். அவர் வேலையில் இருக்கிறார், கூப்பிட்டுவிடுகிறோம் என்றார்கள். அப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. மயக்க மருந்து கொடுக்கிற மருத்துவர் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளமையான பெண். வடக்குப் பக்கத்து நோர்வேஜியப் பேச்சு. கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டார்.

“குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததுண்டா?”

“இல்லை” என்றேன்.

பொய் சொல்லவில்லை. குடும்பம் என்றதும் என் மனதில் வந்தவர்கள் என் ஆட்கள். அப்பாவுக்கு ஹேர்ணியா, அம்மாவுக்குப் பித்தப்பை, அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளும் வயிற்றை வெட்டித்தான். எல்லாரும் நன்றாகத்தான் எழும்பினார்கள். எண்ணெய்த் தளத்தில் இருக்கிற கணவரோ, அவருடைய செத்துப்போன அப்பாவோ, தொலைபேசியில் கேட்ட ஒரு குரலோ என் நினைப்பில் வரவே இல்லை. பிள்ளையின் முனகல் மட்டும்தான் காதில் இருந்தது.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்திலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா பின்னால் செபமாலையோடு வந்தார். சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவடியில் ஒரு ஆண் தாதி, கொழுகொழுவென்ற சிரித்த முகக்காரர், மகனின் கையில் இருந்த பட்டியைத் திருப்பி வாசித்தார். முதற்பெயரைச் சரியாக வாசித்தார். அது தமிழ்ப்பெயர், சுலபம். குடும்பப் பெயரில் வந்து இடறினார். இன்னொரு தடவை முயற்சி செய்தார். பிறகு என்னைப் பார்த்து, பயந்துபோய் நிற்கிற தாய்க்கு ஆறுதலாக ஏதாவது கதைக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “இதென்ன பெயர்? தமிழா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நூறு பேர் கேட்டிருப்பார்கள். வங்கியில், பாலர் பள்ளியில், பஸ்ஸில். வாய் தானாகவே பதில் சொல்லும். “இல்லை, ஜேர்மன் பெயர். அப்பா வழி. அங்கே ஒரே ஒரு ஊரில்தான்...”

அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.  ஏழு வயது என்று அந்த அம்மா சொன்னது காதுக்குள் கேட்டது.

“நிற்பாட்டுங்கோ!” என்று தமிழில்தான் கத்தினேன். பிறகு நோர்வேஜியத்தில் கத்தினேன். கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தத் தாதி உடனே கட்டிலை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். மருத்துவர் தலையுறையோடு வெளியே வந்தார்.

சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. ஜேர்மனியில் ஒரு அம்மா, அண்ணன், சித்தப்பா, காஸ் என்று துண்டு துண்டாக வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இது நிச்சயமாகத் தெரியுமா?”

“இல்லை. ஒரே ஒரு தடவை போனில் கேட்டதுதான். சொந்தம் என்று அவர் சொன்னதுதான், எந்தப் பத்திரமும் நான் பார்த்ததில்லை. பெயர்தான் ஒன்று.”

“எவ்வளவு பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது?”

“அந்த ஒரு ஊர்க்காரருக்கு மட்டும்தான்.”

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “எனக்கு அது போதும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே இருந்தவர்களுக்குக் கட்டளை போடத் தொடங்கினார். இயந்திரத்தில் இருந்த காஸ் முழுவதையும் வெளியேற்றச் சொன்னார், குழாய்களை மாற்றச் சொன்னார், ஏதோ ஒரு மருந்தைக் கொண்டுவந்து பக்கத்தில் தயாராக வைக்கச் சொன்னார். பிறகு என் தோளில் கை வைத்தார். நரம்பில் ஏற்றுகிற மருந்தை மட்டும் கொண்டு மயக்கலாம், அது இப்படிப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பானது, கொஞ்சம் பிந்தும், ஆனால் பிந்துவதைச் சமாளிக்கலாம் என்றார். கதவு மூடியது.

அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.  கதிரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, செபமாலையின் ஒரு முனையை என் கைக்குள் வைத்தார். இரண்டு பேருமாக அதைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். பிந்தினதால் அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டால்? நான் கேட்ட கதை பிழையாக இருந்து, இந்தத் தாமதமே பிள்ளைக்கு எமனாகிவிட்டால்? அந்த எண்ணத்தோடு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. நடுவில் கணவர் எடுத்தார். மூடுபனியால் ஹெலிகொப்டர் இல்லை, கரைக்கு வர வழியில்லை என்றார்.

கதவு திறந்து மருத்துவர் வந்தார். தலையுறையைக் கழற்றியிருந்தார். அவர் சிரித்தார். “எல்லாம் முடிந்தது. நன்றாக இருக்கிறான்” என்றார். நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் என்னோடு நிலத்தில் உட்கார்ந்தார். அப்பா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தங்கமான பிள்ளை, தங்கமான பிள்ளை” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத அந்த மருத்துவருக்கும் அது விளங்கியது.

மகன் கண்ணைத் திறந்து, வறண்ட உதட்டோடு கேட்ட முதல் கேள்வி, “அம்மா, சொல்வதெழுதுதல் முடிஞ்சுதோ?” ஓம் ராசா, முடிஞ்சுது என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

சில மாதம் கழித்துக் கணவருக்குப் பக்கத்து நாட்டில் ஒரு பரிசோதனை செய்தார்கள். அவருக்கு அது இருந்தது. பிறகு மகனைப் பார்த்தபோது அவனுக்கும் இருந்தது. வழமையான மருந்தைக் கொடுத்திருந்தால் உடம்பு அனலாகக் கொதித்து, தசையெல்லாம் விறைத்து, இதயம் நின்றிருக்கலாம் என்று மயக்க மருந்து கொடுத்த மருத்துவர் அப்போதுதான் எனக்கு முழுவதையும் சொன்னார். இப்போது தெரியும் என்பதால் இனிப் பயமில்லை என்றும் சொன்னார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொன்னால் போதுமாம்.

முடிவு வந்த அன்றைக்கே ஜேர்மனிக்கு எடுத்தேன். அந்த வெதுப்பக அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு அழுதார்.  பிறகு சொன்னார். எங்களைப்போல வெளியூரில் இருந்து பெயரைத் தேடிக்கொண்டு வருகிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லுவாராம். சிலர் பாதியில் போனை வைத்துவிடுவார்களாம், முதல் பேச்சிலேயே சாவைப் பற்றிக் கதைக்கிறாளே என்று. ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இப்போதும் மகன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டுச் சத்தமாக உள்ளே ஓடிவரும்போது, தன் வீட்டுத் துக்கத்தை முகம் தெரியாத ஒருத்திக்கு வெட்கப்படாமல் சொன்ன அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். நமக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லிவைத்தால், அது எங்கோ ஒரு பிள்ளையின் கட்டிலை வாசலில் நிறுத்தும் என்று எனக்குத் தெரிகிறது.