தாதரில் இறங்கிய சித்தி

பிளாஸ்டிக் டிரம்மில் காலையில் பிடித்து மூடிவைத்த தண்ணீரை மதியம் திறந்தால் ஒரு வாடை வரும். எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் போகாத பழைய ரசாயன நெடியும் தகரக் கூரையின் சூடும் கலந்த அந்த வாடை தாராவியில் எங்கள் சந்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது விருந்தாளிகளின் வாடை. ஊரிலிருந்து யாராவது வரும் நாளில்தான் எங்கள் வீட்டு டிரம் கழுத்துவரை நிறைந்திருக்கும்.

போன மாதம் ஆறு வயதும் மூன்று வயதுமான என் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போகும் பயணத்தைத் திட்டமிட உட்கார்ந்தேன். என் கணவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. இருவரையும் நான் தனியாகத்தான் கூட்டிப்போக வேண்டும். வழியில் வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் ஒன்பது மணி நேரம் கிடக்க வேண்டியிருந்தது. சின்னவனை எங்கே தூங்கவைப்பது, பெரியவளுக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது, மாற்றுத்துணி எந்தப் பையில் என்று காகிதத்தில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் கைதேர்ந்த என் அம்மா, எங்கள் செம்பூர் வீட்டின் அதே கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் சிறுமியாக இருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குஜராத்துக்குப் போகிறவர்கள் பம்பாயில் வண்டி மாறுவார்கள். மதியம் தாதரில் இறங்கினால் அடுத்த வண்டி ராத்திரிதான். நடுவில் கிடக்கும் ஏழெட்டு மணி நேரத்துக்குத் தாராவியில் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கும். 'இறங்கிட்டுப் போறது' என்று அதற்குப் பெயர். அறை எடுத்துத் தங்குவது என்ற எண்ணமே யாருக்கும் வராது; வந்தாலும் வெளியே சொன்னால் சண்டையாகிவிடும்.

இறங்குகிறவர்களுக்காக அம்மா போடும் திட்டம் தண்ணீரிலிருந்து தொடங்கும். நாங்கள் 'நல்' என்று சொல்லும் சந்துக் குழாயில் விடியற்காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தால் மற்ற பதினோரு வீடும் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று இருந்தது. "வண்டியில வந்த பிள்ளைக்கு மொதல்ல தண்ணி ஊத்தணும், பொறவு சோறு, பொறவு உறக்கம். இது மாறிச்சுன்னா ராத்திரி வண்டியில அழுதே கொன்னுரும்" என்பாள் அம்மா. சோற்றைக் குழைய வடித்து, வழிக்குப் புளிச்சோறு கட்டி, விட்டத்தில் சேலைத் தொட்டில் போட்டு, எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிப் பெரிய பிள்ளைகள் படுக்க அவளுடைய ஒற்றை அறையான 'கோலி'யையும் ஒழித்துவைப்பாள். துவைத்த துணி தகரக் கூரையில் அரைமணியில் காய்ந்துவிடும். தோல்பை செய்யும் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, ஆறு மணிக்கு வந்து அவர்களை வண்டியேற்றிவிடுவார். ஸ்டேஷனுக்குப் போய் அவர்களைக் கூட்டிவருவது என் வேலை. எங்கள் ஸ்டேஷனான மாட்டுங்காவுக்கு அடுத்ததுதான் தாதர். பன்னிரண்டு வயதில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

அந்த வருஷம் அம்மாவின் ஒரே தங்கை வருவதாகக் கடிதம் வந்தது. சித்தப்பாவுக்கு அகமதாபாத்தில் மில் வேலை கிடைத்து, குடும்பத்தை அங்கே வரச்சொல்லியிருந்தார். சித்தி மூன்று பிள்ளைகளோடு தனியாக வருகிறாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் மட்டும் அவள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

காரணம், முந்தின மே மாத விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, சித்தியின் மூத்த மகள் பொன்மணியிடம் நான் அளந்துவிட்டிருந்த கதை. எங்கள் விலாசத்தில் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று இருக்கும். அதில் வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்காவை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் ஒரு வீடு கட்டினேன். வீட்டுக்குள்ளேயே டைல்ஸ் போட்ட குளியலறை, கக்கூஸ், எந்நேரமும் தண்ணீர், பால்கனி. உண்மையில் எங்கள் வீடு ஒரே அறை. மூலையில் ஒரு சாண் உயரத் தடுப்புப் போட்ட 'மோரி', குளியலும் பாத்திரம் கழுவுவதும் அதில்தான். மற்றதற்குத் தண்ணீர் டப்பாவோடு பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் இருந்தோம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

சித்தி வரும் அன்று பதினோரு வீட்டுக் குடமும் வந்து டிரம் நிறைந்திருந்தது. "சித்தி எறங்குனதும் சின்னத நீ வாங்கிக்கிடு, அவ பாவம் ரெண்டு நாளா மடியிலயே வச்சிருந்திருப்பா" என்று சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பினாள்.

சித்தி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கன்னத்தைக் கிள்ளினாள். "ஏட்டி, என்னா வளத்தி வளந்துட்ட! அக்கா வரலியா?" இடுப்பில் கைக்குழந்தை, கையில் நாலு வயதுப் பையன், பின்னால் மூட்டையோடு பொன்மணி. நால்வர் முகத்திலும் கரி. பொன்மணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் எங்கள் 'மோரி'க்கு முன்னால் நிற்கும் காட்சி என் கண்முன் வந்தது.

"தண்ணி வரல சித்தி" என்றேன். "பிள்ளையளோட வந்தா சங்கடப்படுவியளாம். இங்கனயே இருந்துட்டு ராத்திரி வண்டிக்குப் போயிரச் சொன்னா அம்மா."

"அக்காவா சொன்னா?"

"ஆமா."

"ஒங்க வீட்டுல எந்நேரமும் தண்ணி வரும்னு சொன்ன?" என்று பொன்மணி கேட்டாள்.

"பைப்பு ஒடஞ்சிட்டு."

சித்தி பொன்மணியை அதட்டினாள். "நீ சும்மா கெட." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சரிட்டி. அவளுக்கு என்ன கஷ்டமோ. நாங்க இருந்துக்கிடுதோம்னு சொல்லு" என்றாள். மூட்டையை அவிழ்த்து அம்மாவுக்கென்று கொண்டுவந்திருந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. அப்பா வந்து வண்டியேற்றுவாரா என்றுகூட அவள் கேட்கவில்லை. நான் நடந்தேன், பிறகு ஓடினேன். பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதை நான் திரும்பி வந்த ரயில் பெட்டியிலேயே, சாமான் வைக்கும் பலகையில் விட்டுவிட்டு இறங்கினேன்.

"சித்தி வரல" என்று அம்மாவிடம் சொன்னேன். "எல்லாப் பெட்டியும் பாத்துட்டேன்."

"நல்லாப் பாத்தியாட்டி?"

"பாத்தேம்மா."

அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடி விழும், அவ்வளவுதான். அம்மா ஓடிப்போய் அவர்களைக் கூட்டிவந்திருப்பாள். நான் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் நடித்தேன். சாயங்காலம் அம்மா டிரம் தண்ணீரை மொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடமாகத் திருப்பிக் கொடுத்தாள். "ஆள் வரலியா?" என்று பதினோரு வீட்டிலும் கேட்டார்கள். பதினோரு வீட்டிலும் "வண்டிய விட்டுட்டா போல" என்று சொல்லிச் சிரித்துவைத்தாள்.

பத்து நாள் கழித்துச் சித்தப்பாவிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. எல்லோரும் இன்ன தேதியில் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள் என்று ஒரே வரி. தேதியைப் பார்த்ததும், சித்தி அன்று தாதரில் இறங்கித்தான் போயிருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் நான் தவறவிட்டிருக்கலாம் என்று முனகினேன். "விலாசம் அவ கையில இருக்குல்லா. வரணும்னு நெனச்சா வந்திருப்பா. நம்ம வீடு அவளுக்குச் சின்னதாப் போச்சு" என்றாள். அகமதாபாத்தில் சித்தி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கூடப்பிறந்த அக்காவே, நாலு குடம் தண்ணிக்குப் பயந்து, ஸ்டேஷனோடு அனுப்பிவிட்டாள் என்று சொல்லியிருப்பாள். இருவரும் ரோஷக்காரிகள். ஒருத்தியும் மற்றவளிடம் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். சித்தி இரண்டு வருஷத்துக்கு முன் இறந்தாள். எங்களுக்குத் தகவல் மூன்று நாள் கழித்து வந்தது.

எங்கள் சந்து இருந்த இடத்தில் இப்போது ஏழுமாடிக் கட்டடம் நிற்கிறது. உள்ளே குளியலறை உண்டு, டைல்ஸ் உண்டு. ஊரிலிருந்து குஜராத்துக்கு நேராகவே ரயில் போகிறது. வண்டி மாற இறங்குகிறவர்கள் இல்லை. 'இறங்கிட்டுப் போறது' என்ற சொல்லை என் பிள்ளைகள் கேட்டதே இல்லை.

அன்று கீரையை ஆய்ந்து முடித்த அம்மா என் காகிதத்தை எட்டிப்பார்த்துவிட்டு, "ஒம்பது மணி நேரமா? ரெண்டு பிள்ளையோட தனியா அங்கன எப்பிடிட்டி இருப்ப? நம்ம ஆளுவ யாரும் கெடையாதா?" என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் வரவில்லை என்றது, பொன்மணி கேட்டது, மிட்டாய்ப் பொட்டலம், எதையும் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அம்மா திட்டவில்லை. சித்தியைப் பற்றிக்கூட ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பம் அன்னைக்கு அந்தப் பிள்ளையள் என்னத்தத் தின்னுச்சுவ?" என்றாள்.

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் அதை யோசித்ததில்லை. அம்மா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.