வெள்ளை வளையத்தின் அடியில்

எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஜுவேரியா அக்காவைப் போல் எனக்கு எரிச்சல் மூட்டியவர் வேறு யாரும் கிடையாது. பதினாறு வருடமாக ஹோமோஜெனைசர் அவர் பொறுப்பு. அது ஓர் எஃகுக் குழல். அதன் நுனியில் உள்ள கத்தி நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றும். கடலை மிட்டாயோ கருவாடோ, கரைசலில் போட்டு ஓட்டினால் அரை நிமிடத்தில் கூழாகிவிடும். ஒன்று முடிந்ததும் குழலைக் கழற்றிக் கழுவி, வெறும் கரைசலை ஓட்டி, கலங்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். நான் ரிப்போர்ட் அடிக்கிறவள். நாலு மணிக்கு வரவேண்டிய முடிவை ஆறு மணிக்குத் தருவார். கேட்டால், "தப்பா குடுக்கணும்னா இப்பவே குடுத்துடறேன் ஜெயஸ்ரீ, வாங்கிக்கிறியா?" என்பார்.

தி.நகர் இசக்கியம்மாள் சத்துமாவு அரைத்து விற்பவர். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கு அவருடைய மாவுதான் போகும். அங்கே ஒரு குழந்தைக்கு நிலக்கடலை ஆகாது. துளி உள்ளே போனாலும் மூச்சு அடைத்துவிடும். அதனால் மாதாமாதம் மாவை எங்களிடம் சோதித்துக்கொள்வார். போன ஆடியில், "நிலக்கடலை உள்ளது" என்று முடிவு வந்தது. வியாழக்கிழமை நானே அடித்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"என் மில்லுல கடலையே கிடையாதும்மா. மாவு அரைக்கிற சுந்தரவல்லிதான் மத்தியானம் கடலை உருண்டை திம்பா. ஒம்பது வருசமா கூட இருந்தவ. நேத்தே வேலைய விட்டு நின்னுக்கோன்னு சொல்லிட்டேன். வேற என்ன செய்ய? பச்சப்புள்ள உசுரு."

அன்று மதியம் ஜுவேரியா அக்கா வழக்கம்போலக் குழலை முழுதாகப் பிரித்தார். உள்ளே கத்தித் தண்டைத் தாங்கும் வெள்ளை வளையம் ஒன்று உண்டு. அதை மட்டும் வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைதான் கழற்றுவார். அதன் அடியில் பழுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. பதிவேட்டைப் புரட்டினார். திங்கட்கிழமை சத்துமாவுக்கு முன்னால் ஓடியது கடலை மிட்டாய்.

"விடுங்கக்கா. மாவுலயும் இருந்திருக்கலாம் இல்ல? யாரு கேக்கப் போறா?" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

அவர் பதிவேட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். நேரே மேனேஜர் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது என்றார். எடுத்து வைத்திருந்த மீதி மாவைப் புதுக் குழலில் மூன்று முறை ஓட்டினார். திங்கட்கிழமை முடிவு வந்தது. மூன்றிலும் கடலை இல்லை. திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன், அதுவே போதும் என்றேன். "அந்த சுந்தரவல்லி வேலை போனது மெயில்ல சரியாவுமா?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மறுநாள் இசக்கியம்மாள் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மெயிலை இசக்கியம்மாள் பார்த்திருக்கவில்லை. ஜுவேரியா அக்கா சொல்லச் சொல்ல, அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கடையைப் பூட்டிவிட்டு எங்களை ஆட்டோவில் ஏற்றி நந்தனத்தில் சுந்தரவல்லி வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

சுந்தரவல்லி கதவைத் திறந்தார். முதலாளியைக் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்:

"அந்தப் புள்ளைக்கி ஒண்ணும் ஆவலியேம்மா?"

"ஒண்ணும் ஆகலக்கா. மாவுல கடலையே இல்ல. என் மெஷின்ல ஒட்டிக்கினு இருந்துச்சு, நான் பாக்கல. என் தப்புக்கு உங்க வேலை போயிடுச்சு. மன்னிச்சிடுங்க," என்றார் ஜுவேரியா அக்கா.

"நாளைக்கே வந்துரு. நான் கண்ணு மண்ணு தெரியாமப் பேசிட்டேன்," என்றார் இசக்கியம்மாள்.

சுந்தரவல்லி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கை கழுவிட்டுதான் மாவத் தொட்டேன். எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மெஷினே சொல்லிச்சுன்னதும் என்னையே நான் நம்பலம்மா. அஞ்சு நாளா இந்தக் கையால எங்க வீட்டுப் புள்ளைக்கி சோறு ஊட்டல."

ஜுவேரியா அக்கா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருவர் முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.