சனிக்கிழமை முடிந்த விசா

கொழும்பில் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா. முன்பெல்லாம் தனுஷ்கோடியில் டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறினால் போதும், விசா கிசா எதுவும் கிடையாது. ஐம்பதுகளில் அது மாறிப்போனது. அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று தந்தி போனதும், இரண்டு வயது மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவள் சிவகாசிக்கு ஓடிவந்தாள். திரும்பிப் போய் நுழைய சனிக்கிழமை வரைக்கும்தான் விசா. தேதி தாண்டினால் புதிதாக மனுப் போட வேண்டும். அப்படிப் போட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

டிக்கெட் வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்ட அம்மா, "வெள்ளிக்கிளம பொம்பளப்பிள்ளைய வீட்ட விட்டு அனுப்புவாகளா?" என்று அடம்பிடித்தாள். அதற்கு ஒரு பரிகாரம் உண்டு, பரஸ்தானம் வைப்பது. வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு. பெட்டியை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நான்தான் தூக்கிப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டையும் அதற்குள் வைத்த மகா புத்திசாலியும் நானே.

மறுநாள் மத்தியானம் போனால் பெரியம்மா வீட்டில் பூட்டு தொங்கியது. ஆடிக் கடைசி வெள்ளி. மாட்டுவண்டி கட்டி எல்லோரும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

"பூட்ட உடைலே தம்பி," என்றாள் அக்கா. கல்லை எடுத்துவிட்டேன்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா அடுத்த வீட்டுப் பூட்டுல கை வைக்கவா? இப்ப வந்துருவாகலே," என்று அம்மா தடுத்தாள். கல்லைக் கீழே போட்டேன். அந்தக் கல்லை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெரியம்மா வீட்டு வண்டி வந்து சேர்ந்தது சனிக்கிழமை காலையில். வெள்ளிக்கிழமை ரயில் போய்விட்டிருந்தது; அடுத்ததைப் பிடித்துக் கப்பல் ஏறினாலும் விசா தேதி தாண்டிவிடும்.

மனு மேல் மனுவாக ஒரு வருஷம் போனது. கொழும்பிலிருந்து வந்த கடிதமொன்றில், குழந்தை அத்தையை அம்மா என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். கடைசியில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான விசாவுக்குப் போட்டுப் பாருங்கள் என்று விசா ஆபீஸில் சொன்னார்கள். விண்ணப்பப் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

"எதுக்குப் போறேன்னு கேட்டிருக்குக்கா."

"எம் பிள்ளையப் பாக்க."

"அங்கன எம்புட்டு நாள் இருப்பேன்னு கேட்டிருக்கு."

முப்பது நாளுக்கு மேல் அந்த விசாவில் கிடையாது. முப்பது என்று நானே எழுதிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை அவளுக்குக் காட்டினேன்.